பலகையின் நிறத்தையும் பாருங்கள்



அரிசி, பருப்பு, மிளகாய் எதுவானாலும் நிறம் பார்த்தே தரம் சொல்லிவிடுகிறோம். அந்த மூட்டைகளைத் தாங்கும் பலகையின் நிறத்தை மட்டும் நாம் கவனிப்பதில்லை. பலகை இற்றால் அடுக்கு சரியும். பலகையை இற்கவைத்த ஈரமே சரக்கையும் கெடுக்கும்.

மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது வளராது. நீரில் முழுக மூழ்கிய மரத்திலும் காற்றில்லாததால் எளிதில் பரவாது. அத்தி மரத்தாலான நம் ஊர் அத்தி வரதர் 1979-க்குப் பின் அனந்தசரஸ் குளத்து நீருக்குள் இருந்து, 2019-இல் மீண்டும் தரிசனம் தந்ததை நாம் அறிவோம். மழைக்காலத்தில் நனைந்தும் காய்ந்தும் கிடக்கும் கிடங்குப் பலகைக்குத்தான் ஆபத்து.

ஒருவகைப் பூஞ்சை மரத்தைப் பழுப்பாக்கி வெடிக்கச் செய்யும். இன்னொன்று வெளுக்கச் செய்யும். மா, ரப்பர் போன்ற மரங்களில் இதுவே அதிகம். ரப்பர் பலகையில் வரும் நீலக்கறை வலுவை அதிகம் குறைக்காது. ஆனால் ஈரம் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். தேக்கின் வைரம் நெடுநாள் தாங்கும், வெளிறு தாங்காது.

ஆய்வுக்கூடங்களில் இந்த நிற மாற்றத்தைக் கருவியால் அளக்கிறார்கள். ஜவுளிச் சாயம் சரிபார்க்கும் அதே வகைக் கருவிதான். 1976-இல் உலக அளவில் வகுத்த முறைப்படி அது மூன்று எண் தரும்: வெளிச்சம் (கறுப்பு 0, வெள்ளை 100), சிவப்பு-பச்சை, மஞ்சள்-நீலம். எடுத்துக்காட்டாக, வெளிச்சம் 70-லிருந்து 62 ஆகவும், மஞ்சள் 24-லிருந்து 18 ஆகவும் இறங்கி, சிவப்பு மாறவில்லை என்று கொள்வோம். 8-இன் வர்க்கம் 64, 6-இன் வர்க்கம் 36; கூட்டினால் 100. அதன் வர்க்கமூலம் 10. இதுவே நிற வித்தியாசம். இந்த எண் மாதாமாதம் ஏறினால் விழித்துக்கொள்ள வேண்டும்.

வெயிலும் தூசியும்கூட நிறத்தை மாற்றும். ஆகவே நிறம் எச்சரிக்கைதான், தீர்ப்பு அல்ல.

கருவி இல்லாத நாம் செய்யக்கூடியவை:

1. புதுப் பலகையில் ஒரு சாண் துண்டு வெட்டி, தேதி எழுதி, கறுப்புக் காகிதத்தில் சுற்றி உலர்ந்த இடத்தில் வையுங்கள். சாயக்காரர் மாதிரி நூல் வைத்திருப்பது போலத்தான்.

2. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பலகையின் அடிப்புறத்தைத் துடைத்து, பகல் வெளிச்சத்தில் அந்தத் துண்டுடன் ஒப்பிடுங்கள்.

3. நிறம் மாறிய இடத்தில் கோணி ஊசியால் குத்துங்கள். ஊசி மெத்தென்று இறங்கினால் அந்தப் பலகையை உடனே அகற்றுங்கள். எடை சிறிது குறைவதற்குள்ளேயே வலு பெருமளவு போய்விடும்.

4. பலகையைச் செங்கல் மேல் உயர்த்தி, சுவரைவிட்டு ஓர் அடி தள்ளிப் போடுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை கிடங்கைச் சுற்றி வந்தால் போதும். ஒரு பலகையின் விலையோடு போகும், ஓர் அடுக்குச் சரக்கு தப்பும்.