கடலோர வீட்டின் தரை குறித்து மருமகனுக்கு



தரங்கம்பாடி வீட்டுக்குக் கூரைத்தளம் போட்டு முடிந்துவிட்டதென்றும், இனித் தரைக்கு வெள்ளைச் சலவைக்கல் பதிப்பதா, பளபளக்கும் பெரிய டைல்ஸ் பதிப்பதா, அல்லது உன் மனைவி ஆசைப்படுகிறபடி ஆத்தங்குடிக் கல் பதிப்பதா என்று வீட்டில் தினமும் ஆலோசனை நடக்கிறதென்றும் நீ எழுதியிருந்ததைப் படித்துச் சந்தோஷமடைந்தேன். உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் நாகப்பட்டினத்திலிருந்து பூம்புகார் வரையில் கடல்காற்று படுகிற கட்டடங்களோடேயே பழகியவன் என்ற உரிமையில் என் அபிப்பிராயத்தை விஸ்தாரமாகவே எழுதுகிறேன். எந்தக் கல் என்று தீர்மானிப்பதற்கு முன்னால், அந்தக் கல் எதன்மேல் உட்காரப்போகிறது என்பதை நீ தீர்மானித்தாக வேண்டும். கடையில் கல்லைப் பார்க்கும்போது இந்த விஷயம் ஒருவருக்கும் நினைவுக்கு வருவதில்லை, கடைக்காரரும் சொல்வதில்லை.

கடலோரத்தில் தரைக்கு நேர்கிற கேட்டில் பெரும்பங்கு கீழே மண்ணிலிருந்து வருவதாகும். நிலத்தடி நீர் அங்கே ஆழத்தில் இல்லை. இருக்கிற நீரிலும் உப்பு உண்டு. விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவதுபோல் மண்ணும் செங்கல்லும் சிமெண்டுக் கலவையும் தம்முள் இருக்கும் நுண்ணிய துவாரங்கள் வழியாக அந்த நீரை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். நீர் மேற்பரப்பில் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். நாம் சமையலுக்குப் போடுகிற அதே உப்புக்கு ஒரு சுபாவம் உண்டு: காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவிகிதத்துக்கு மேலே ஏறினால் அது காற்றிலிருந்தே ஈரத்தை வாங்கிக் கரைந்துவிடும்; அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாக உறைந்துவிடும். தரங்கம்பாடியில் இரவிலும் விடியற்காலையிலும் காற்று அந்த அளவைத் தாண்டி நிற்பதும், ஆனி ஆடி மாதங்களில் மேல்காற்று வறண்டு வீசுகிற பகல்வேளைகளில் அதற்குக் கீழே இறங்குவதும் சகஜமாகையால், கல்லின் துவாரங்களுக்குள் புகுந்துவிட்ட உப்பு கரைவதும் உறைவதுமாக ஓயாமல் மாறிக்கொண்டிருக்கிறது. உறைகிற ஒவ்வொரு தடவையும் படிகம் துவாரத்தின் சுவரை நெருக்குகிறது. மேலே பூத்த உப்பைத் துணியால் துடைத்துவிடலாம். உள்ளே உறைகிற உப்புதான் கல்லின் முகத்தைச் செதில் செதிலாகப் பெயர்த்தெடுப்பது. அவ்வூர்ப் பழைய செங்கற்சுவர்களில் தரையை ஒட்டிய பாகம் மட்டும் பொரிந்து உதிர்ந்து கிடப்பதற்கும் இதுவே காரணம். நீ இன்று தெருவில் இறங்கி நடந்தாலே பிரத்தியட்சமாகப் பார்க்கலாம்.

ஆகையால் உன் பணத்தில் முதல் பங்கு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் செலவாகட்டும். பேஸ்மெண்டுக்குள் நிரப்புகிற மண், கடற்கரையிலிருந்து வண்டியில் வந்து இறங்கியதாக இருக்கலாகாது. அருகில் மலிவாகக் கிடைக்கிறதென்று கொத்தனார் சொன்னாலும் நீ இணங்காதே. உப்பில்லாத கிராவலை அரையடிக்கு ஒரு படையாகப் போட்டு, நல்ல தண்ணீர் விட்டு இறுக்கி, அதன்மேல் கருங்கல் பெருஜல்லியை ஒரு படையாகப் பரப்பச் சொல். ஜல்லிக்கு இடையிலுள்ள இடைவெளி பெரிதாகையால் நீர் அதைத் தாண்டி ஏறுவது கஷ்டம். ஜல்லியின் கூர்மை குத்தாதபடி மேலே கொஞ்சம் கழுவிய மணலைத் தூவி, அதன்மேல் 250 மைக்ரான் கனமுள்ள பாலித்தீன் தாளை விரிக்கவேண்டும். ஒரு தாள்மேல் இன்னொரு தாள் ஓரடியாவது ஏறியிருக்கட்டும்; ஒட்டுகிற இடத்தை நாடாவால் ஒட்டிவிடட்டும். சுவர் ஓரங்களில் தாளை மடக்கி, சுவருக்கு அடியில் ஓதம் ஏறாமல் போட்டிருக்கிற காப்புப்படை வரையில் உயர்த்திச் சேர்த்துவிடவேண்டும். அந்த ஓரத்தை விட்டுவிட்டால் செய்த அத்தனை பிரயத்தனமும் வீணாகிவிடும். இதற்கு மேலேதான் நாலு அங்குலக் கான்கிரீட். சித்தாட்கள் கூடையோடு நடக்கும்போது தாள் கிழியக்கூடும் என்பதால், அன்று நீயே கூட இருந்து பார்த்துக்கொள்வது நல்லது.

கான்கிரீட்டுக்கு உன் வீட்டுப் போர்த் தண்ணீரை ஊற்றலாமா என்ற கேள்விக்குப் பதில், அதைப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்க்காமல் ஊற்றாதே என்பதுதான். கம்பியில்லாத கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 2000 மில்லிகிராம் வரையிலும், கம்பியுள்ள கான்கிரீட்டுக்கு 500 மில்லிகிராம் வரையிலும்தான் குளோரைடு இருக்கலாம் என்று இந்தியத் தரநிலை 456 வரையறுத்திருக்கிறது. பரிசோதனைக்கு ஆகும் செலவு சொற்பம். தண்ணீர் அந்த அளவுக்கு மிஞ்சியிருந்தால் லாரித் தண்ணீர்தான் வழி. தளத்தை நனைத்துப் பதப்படுத்துவதற்கும் அதே தண்ணீரைத்தான் உபயோகிக்கவேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இனிக் கல்லுக்கு வருகிறேன். சலவைக்கல்லை நான் சிபாரிசு செய்யவில்லை. மக்ரானாவின் வெள்ளைக்கல் அழகில் குறைந்ததல்ல. ஆனால் கடற்கரை அதற்கேற்ற இடமல்ல. கனிப்பொருள்களின் கடினத்தை 1 முதல் 10 வரை படிவகுத்த மோஸ் என்பவரின் அளவையில் சலவைக்கல்லின் மூலப்பொருள் 3-ஆம் படியில் நிற்கிறது. கடற்கரை மணலின் பெரும்பகுதியான படிகக்கல் 7-ஆம் படியில் நிற்கிறது. குழந்தைகள் மாலையில் கரையிலிருந்து ஓடிவந்து கூடத்தில் நடக்கும் ஒவ்வொரு நடையும் அந்த வழுவழுப்பைத் தேய்த்துக்கொண்டே போகும். எலுமிச்சம்பழச் சாறோ புளிக்கரைசலோ ஒரு சொட்டு விழுந்தால் அந்த இடம் மங்கிவிடும், ஏனெனில் அது சுண்ணாம்புச் சத்துள்ள கல். சிலவகைக் கற்களில் இரும்புச்சத்து கலந்திருப்பதால், அடியிலிருந்து ஈரம் ஏறினால் மஞ்சள் கறை படரும். எத்தனை மெருகேற்றினாலும் அது போகாது. கோட்டா, கடப்பை, தாண்டூர்க் கற்களும் சுண்ணாம்பு இனத்தவையே என்பதால் புளிப்பு விஷயத்தில் அவற்றுக்கும் இதே பலவீனம் உண்டு. ஆயினும் அவை விலையில் மலிவு. தேய்ந்தாலும் அருவருப்பாகத் தோன்றாத நிறம். கொல்லைப்புறத் தாழ்வாரத்துக்கு வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம்.

ஆத்தங்குடிக் கல்லின்மேல் உன் மனைவிக்கு உண்டான ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது. சிவகங்கைச் சீமையில் கண்ணாடிப் பலகையின்மேல் வண்ணச் சாந்தை ஊற்றி, அந்த ஊர் மணலும் சிமெண்டும் சேர்த்து அச்சில் அடைத்து, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்து உலர்த்தி எடுக்கிற அந்தக் கைவேலைக்கு ஈடாக எந்த இயந்திரமும் இன்னும் ஒன்றைச் செய்து காட்டவில்லை. அதன் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. பிறகு ஆண்டுக்கணக்கில் கால்பட்டும் தேங்காயெண்ணெய்த் துணி பட்டும் மெருகு கூடுகிறது. ஆனால் அது சுடாத சிமெண்டுக் கல், ஆகவே ஈரத்தை உறிஞ்சும் கல். நகரத்தார் தம் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்தை விட்டு உள்நாட்டில் குடியேறியதாகச் சொல்லிவருகிறார்கள். அவர்கள் இந்தக் கல்லைப் பதித்து அரண்மனைபோல் வீடு கட்டியது வறண்ட செட்டிநாட்டுச் செம்மண்ணின்மேல் என்பதை நாம் மறக்கலாகாது. உன் வீட்டில் தரைத்தளத்தில் அதைப் பரப்பினால், அடித்தளத்தில் சிறு குறை இருந்தாலும் சிவப்பு, பச்சைப் பூக்களின்மேல் வெள்ளை உப்பு படர்ந்து உங்கள் இருவர் மனத்தையும் வருத்தும். மேலே பூச்சு பூசி அடைத்துவிடலாம் என்பார்கள். அப்படி அடைத்தால் உப்பு பூச்சுக்குக் கீழே உறைந்து கல்லையே பெயர்க்கும். ஆகையால் அவள் ஆசைப்படியே அந்தக் கல்லை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் மண்ணோடு சம்பந்தமில்லாத மாடி அறையிலே பதித்துக்கொள்ளுங்கள். அங்கே அது அவள் காலத்துக்கும் அவள் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் நிற்கும்.

மரத்தரையைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. மரத்தூளை அழுத்திச் செய்து மேலே மரத்தின் படத்தை ஒட்டிய பலகை ஒரு தடவை தண்ணீர் தேங்கினால் ஓரம் உப்பிக்கொள்ளும். நல்ல தேக்கும் மழைக்காலத்தில் பருத்துக் கோடையில் சுருங்கும், கறையானும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறி வந்த ஊரில், நனைந்தால் கழுவித் துடைத்து மறுபடி குடியிருக்கத்தக்க தரையே வேண்டும்.

கீழ்த்தளம் முழுவதற்கும் நான் சொல்வது, பளபளப்பில்லாத மங்கலான முகமுள்ள விட்ரிஃபைடு டைல்ஸ். வாங்குமுன் அட்டைப்பெட்டியில் அல்லது தரச்சீட்டில் அது எவ்வளவு தண்ணீர் உறிஞ்சும் என்று எழுதியிருப்பதைக் கேட்டுப் பார். அரை சதவிகிதத்துக்கு மேற்பட்டதை எடுக்காதே. சுவருக்காகச் செய்த செராமிக் டைல்ஸ் பத்து சதவிகிதத்துக்கு மேலும் உறிஞ்சும். அவற்றைத் தரைக்கென்று தள்ளிவிடுகிற கடைகள் உண்டு. ஒரு டைலைத் திருப்பிப்போட்டு முதுகில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால், தண்ணீர் முத்தாக நிற்கிறதா, உடனே மறைந்துவிடுகிறதா என்பதே உனக்கு முக்கால்வாசி விஷயத்தைச் சொல்லிவிடும். நிறம் அடிவரை ஒன்றாக ஓடுகிற வகை கிடைத்தால் விசேஷம், ஏனெனில் மணல் மேலே கீறினாலும் உள்ளே வேறு நிறம் தெரியாது. உன் தாயாரான என் அக்காவுக்கு முழங்கால் வலி இருக்கிறது; ஈரக்காலோடு கொல்லையிலிருந்து வருகிற பழக்கமும் உண்டு. இந்த ஒன்றை நினைத்தாவது பளபளக்கிற டைல்ஸ் ஆசையை நீ விட்டுவிடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். குளியலறைக்கும் சமையற்கட்டுக்கும் இன்னும் சொரசொரப்பானதையே தேர்ந்தெடு.

பதிக்கிற முறையில் கொத்தனாரோடு நீ கண்டிப்பாக இருக்கவேண்டிய இடங்கள் சில உண்டு. டைலின் நடுவிலும் நாலு மூலையிலும் மட்டும் கலவையை உருட்டி வைத்து அழுத்திவிடுகிற பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அடியில் பொள்ளலான இடங்களில் ஈரம் தங்கும், கனமான பாத்திரம் விழுந்தால் அங்கேதான் உடையும். பல்வைத்த கரணையால் டைல்ஸ் பசையை முழுப்பரப்பிலும் இழுத்துப் பதிக்கச் சொல். மறுநாள் ஒவ்வொரு டைலையும் ஒரு குச்சியால் தட்டிப் பார்த்து, பொக்கென்று கேட்பதைப் பெயர்த்துப் பதிக்கச் சொல். ஒன்றோடொன்று முட்ட வைத்தால்தான் அழகு என்று அவர் வாதிப்பார். இணங்காதே. டைலுக்கு டைல் 3 மில்லிமீட்டராவது, சுவர் ஓரத்தில் ஸ்கர்ட்டிங் மறைக்கிற அளவுக்கு அதைவிட அதிகமாகவும் இடம் விட்டால்தான் வெயிலில் விரியும்போது தரை நடுவில் கூடாரம் போட்டதுபோல் எழும்பாது. ஈரம் புழங்கும் அறைகளில் இடைவெளியை எபாக்சி கொண்டு அடைக்கட்டும். விலை கூடுதல்தான், ஆயினும் சாதாரணச் சாந்தைப்போல் உப்புநீரை அது உறிஞ்சுவதில்லை.

கடலைப் பார்த்த திண்ணைக்கும் வாசற்படிக்கும், தீயால் முகத்தைச் சொரசொரப்பாக்கிய கிரானைட் போடு. கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சாம்பல் நிறக் கல் போதும். கறுப்புக் கல்லானால் சித்திரை வெயிலில் கால்வைக்க முடியாது. திண்ணைக்கு நூறு அடிக்கு ஓரடி வீதம் வெளிப்புறமாக வாட்டம் இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்து நீயே பார்த்துக்கொள். வாசலில் கால் கழுவ ஒரு குழாயும் தண்ணீர் ஓடிவிட ஒரு சிறு மேடையும் வைத்துவிடு. நம் பெரியவர்கள் ஆசாரமென்று வைத்திருந்த அந்தப் பழக்கம் மணலையும் உப்பையும் வாசலிலேயே நிறுத்திவிடும். குடியேறிய பிறகு தரை துடைப்பதற்கும் உவர்த் தண்ணீரைத் தவிர்க்கும்படி வீட்டில் சொல்லு, ஏனெனில் ஈரம் காய்ந்தபின் அது விட்டுப்போவதும் அதே உப்புதான்.

ஐப்பசி மழைக்கு முன்னால் பேஸ்மெண்டு கான்கிரீட் முடிந்தாகவேண்டும். முடிந்து 28 நாள் சென்றபின், ஒன்றரை அடிச் சதுரத்தில் பாலித்தீன் தாளை வெட்டி, மூன்று நான்கு இடங்களில் நாற்புறமும் நாடாவால் இறுக ஒட்டி, ஒரு முழுநாள் விட்டுவை. பிரித்துப் பார்க்கும்போது தாளின் அடியில் வியர்த்திருந்தாலோ தளம் கறுத்திருந்தாலோ டைல்ஸ் வேலையை ஆரம்பிக்காதே. எனக்குத் தெரியப்படுத்து, நானே புறப்பட்டு வருகிறேன். அதற்குள் தண்ணீர்ப் பரிசோதனைச் சீட்டையும், நீங்கள் பார்த்து வைத்திருக்கிற டைல்ஸின் தரச்சீட்டையும் தபாலில் அனுப்பிவை. அக்காவுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா