விரல்கள் ஏன் மங்கின?

கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையம் 2015ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அங்குக் கற்றல் பயணம் சென்ற உயர்நிலை இரண்டு மாணவி ஒருத்தி, திரும்பும் வழியில் ஒரு பூக்கடை முன் நின்றாள். கடைக்காரர் மல்லிகைச் சரம் தொடுத்துக்கொண்டிருந்தார். அந்த விரல்களின் வேகம் அவளைக் கவர்ந்தது. கையிலிருந்த சிறிய மின்னிலக்கக் கேமராவால் சட்டென்று ஒரு படம் எடுத்தாள்.

வீட்டில் பெரிய திரையில் பார்த்தபோது அவளுக்கு ஏமாற்றம். பின்னால் தொங்கிய மாலைகள் தெளிவாக இருந்தன. விரல்கள் மங்கலாக இருந்தன. காரணம் என்ன?

கேமராவின் வில்லை முன்னும் பின்னும் நகர்ந்து, ஒரு குறிப்பிட்ட தூரத்தில் உள்ள பொருளைத் தெளிவாகக் காட்டுகிறது. இதுவே குவியம் சரிசெய்தல். 1977இல் ஜப்பானில் வெளிவந்த கொனிக்கா சி35 ஏஎஃப் என்ற சிறிய கேமரா, இந்த வேலையைத் தானே செய்தது. இன்றைய சிறிய கேமராக்களும் அப்படியே செய்கின்றன. அவற்றுள் பல, ஒளியும் நிழலும் நன்றாக வேறுபடும் விளிம்புகளைத் தேடுகின்றன. அதனால் பல வண்ண மாலைகள் எளிதில் குவியத்தில் சிக்கிவிடும். வெறும் வெள்ளைச் சுவரோ ஒரே நிறப் பட்டுத் துணியோ எளிதில் சிக்காது. படமெடுப்பவர் எதை விரும்புகிறார் என்பது கேமராவுக்குத் தெரியாது. அதை அவர்தான் தெரிவிக்க வேண்டும்.

அதற்கு உதவுவது படமெடுக்கும் பொத்தான். அதை அழுத்துவதில் இரண்டு நிலைகள் உண்டு. முதலில், தெளிவாகத் தெரிய வேண்டிய பொருளைத் திரையின் நடுவில் வைத்து, பொத்தானைப் பாதி மட்டும் அழுத்த வேண்டும். குவியம் சரியாக அமைந்தால், பெரும்பாலான கேமராக்களில் பச்சைக் கட்டம் தோன்றும். பொருள் ஓரத்தில் இருக்க வேண்டுமானால், விரலை எடுக்காமல் கேமராவை மெல்லத் திருப்பலாம். ஆனால் முன்னோ பின்னோ நகரக்கூடாது; தூரம் மாறினால் குவியமும் தவறிவிடும். பிறகு முழங்கைகளை உடலோடு ஒட்டி வைத்து, பொத்தானை முழுதும் அழுத்த வேண்டும். மிக அருகிலிருந்து எடுப்பதற்குப் பூ அடையாளம் கொண்ட முறையைத் தேர்ந்தெடுக்கலாம்.

அடுத்த வாரம் மாணவி மீண்டும் அதே கடைக்குச் சென்றாள். “அண்ணே, ஒரு படம் எடுத்துக்கலாமா?” என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே தலையசைத்தார். பச்சைக் கட்டம் தோன்றும்வரை பொறுத்திருந்து அவள் படமெடுத்தாள். இம்முறை விரல்களின் சுருக்கங்களும் நூலின் முடிச்சும்கூடத் தெளிவாகத் தெரிந்தன.

ஒரு படம் தெளிவாக இருப்பதால் என்ன பயன்? சிராங்கூன் சாலையில் பல ஆண்டுகள் இருந்த பழைய கண்டாங் கெர்பாவ் சந்தை, 1980களின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டது. அதற்குப் பதிலாகச் சாலையின் எதிர்ப்புறத்தில் எழுந்த கட்டடமே இன்றைய தேக்கா நிலையம். பழைய சந்தையை இன்றைய மாணவர்கள் புகைப்படங்களில்தான் பார்க்க முடியும். படம் தெளிவாக இருந்தால், கடைப்பலகையின் எழுத்தையும் தராசைப் பிடித்த கையையும் அடையாளம் காணலாம். மங்கலாக இருந்தால், அங்கே கூட்டம் இருந்தது என்பது மட்டுமே தெரியும்.

இன்று பூத்தொடுக்கும் விரல்களும் ஒருநாள் படத்தில் மட்டுமே மிஞ்சலாம். அவற்றைத் தெளிவாகப் பதிவுசெய்ய, பாதி அழுத்திய பொத்தானில் ஒரு நொடி பொறுத்தால் போதும்.