இல்லிக்குடமும் அரும்பும்

நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் கடை மாணாக்கரை இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்னும் நான்கிற்கு ஒப்பிட்டார். இல்லிக்குடமாவது ஓட்டைக்குடம்; வார்த்த நீர் ஒழுகிப்போம். உவமை அழகிற்றே. ஆயினும் பின்தங்கிய பிள்ளையை நோக்கி அதனைக் கூறி அமைவோமாயின், ஓட்டை யாண்டுளது என்று ஆராயும் கடமை நம்மை விட்டு நீங்குமோ?

அவ்வாராய்ச்சியின் இன்றியமையாமையைத் தமிழ்நாடு அண்மையிற் கண்டது. கொரோனாப் பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில், எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் 2021 நவம்பரிலேதான் மீண்டும் அடிவைத்தனர். இடைக்காலத்தில் வகுப்பு ஏறிற்று. பலர்க்கு எழுத்தறிவு ஏறவில்லை. 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலர் வழியே மாலைப் பாடத்தைக் குடியிருப்புக்கே கொணர்ந்தது. 2022 ஜூனில் எழுந்த 'எண்ணும் எழுத்தும்' முதல் மூன்று வகுப்பினரைக் கற்ற அளவு நோக்கி அரும்பு, மொட்டு, மலர் என வகுத்தது. இல்லிக்குடம் குற்றத்தின் பெயர். அரும்போ பருவத்தின் பெயர்.

இடர்ப்படும் பிள்ளையை அறிவது எங்ஙனம்? திண்டுக்கல்லை அடுத்த சிற்றூரில், ஒரு மாலை வகுப்பில், நான்காம் வகுப்புச் சிறுமியொருத்தி கரும்பலகையில் உள்ளதை முத்துப்போல் எழுதினாள். பாடத்தையும் தடையின்றி ஒப்பித்தாள். வரியின் நடுவே ஒரு சொல்லைச் சுட்டி, "இது என்ன, பாப்பா?" என்றேன். வாய் திறந்திலள். தோழியர் சொல்லக் கேட்டு மனனஞ் செய்திருந்தாளேயன்றி, அவள் படித்தாளல்லள். உயிர்மெய்யிலிருந்து மீளத் தொடங்கினோம். மூன்று திங்களிற் சிறுகதையொன்றைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

ஆதலின் கையெழுத்தும் ஒப்பித்தலும் சான்றாகா. கண்ணைச் சுருக்கிப் பலகையை நோக்குவானாயின் கண்ணையும், அழைத்தும் திரும்பானாயின் செவியையும், அடிக்கடி வாரானாயின் வீட்டு நிலையையும் முதலில் ஆராய்க. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைக்குப் பாடநூலின் சொல்லே தடையாதலும் உண்டு. தனிப்பயிற்சி தந்தும் எழுத்து மயக்கம் பல திங்கள் நீங்காதாயின் வல்லுநரை நாடல் வேண்டும். கற்றலில் நேரும் இத்தகு குறைபாட்டை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஏற்றுள்ளது. சோம்பலென்று அடித்தல் பிழையினும் பிழை.

நன்னூலார் ஆட்டையும் கடை மாணாக்கர்க்கு உவமையாக்கினார். நம் ஆண்டவரோ, காணாமற்போன ஓர் ஆட்டைத் தேடிச் சென்ற மேய்ப்பனைக் காட்டினார். நண்பர்காள், விடுமுறையில் ஊர் செல்லுங்கால், அண்டை வீட்டுப் பிள்ளையொன்றை அருகிருத்தி, அது முன்பு காணாத ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லிப் பொறுமையுடன் கேண்மின்!