செயற்கைக் காலும் உடற்சமநிலையும்

ஈட்டி எறியும் வீரர் ஓடிவந்து, எல்லைக் கோட்டிற்குச் சற்று முன்னதாக ஒரு காலை நேராக நீட்டி ஊன்றுகிறார். வலக் கையால் எறிபவருக்கு அது இடது கால். ஓட்டத்தினால் பெற்ற வேகம் அக்காலில் தடுக்கப்பட்டு, இடுப்பு வழியாகத் தோளுக்கும் கைக்கும் ஏறி, இறுதியில் ஈட்டியைச் சேருகிறது. ஊன்றிய கால் மடங்கினால் எறியும் தூரம் குறைந்துவிடும். அரியானா மாநிலத்தின் சோனிபட் மாவட்டத்தைச் சேர்ந்த சுமித் அந்தில் வலக் கையால் எறிபவர். 2015-ஆம் ஆண்டில் நேர்ந்த சாலை விபத்தின் விளைவாக அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே துண்டிக்கப்பட்டது. மல்யுத்த வீரராக வேண்டும் என்று விரும்பியிருந்த அவர், பின்னர் செயற்கைக் காலை ஊன்றி ஈட்டி எறியப் பழகினார். 2021-இல் டோக்கியோவில் 68.55 மீட்டரும், 2024-இல் பாரிசில் 70.59 மீட்டரும் எறிந்து, இரு பாராலிம்பிக் போட்டிகளிலும் தங்கப் பதக்கம் பெற்றார். இடையில் 2023-இல் ஹாங்சோவில் நடைபெற்ற ஆசியப் பாரா போட்டியில் அவர் எறிந்த தூரம் 73.29 மீட்டர்.

பதக்கங்களைப் பற்றி நாளிதழ்கள் நிறையவே எழுதின. உணர்ச்சியற்ற ஒரு பொருளின் மீது உடலின் முழுப் பாரத்தையும், அதற்கு மேற்பட்ட விசையையும், ஒரு கணத்தில் நம்பிக்கையுடன் இறக்கி வைக்க மனிதன் எவ்வாறு கற்றுக்கொள்கிறான் என்பது அவ்வளவாக எழுதப்படவில்லை. மறுவாழ்வுத் திட்டங்களை வகுப்போரும் நடத்துவோரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி அதுவேயாகும்.

நிற்றல் என்னும் செயல்

அசையாமல் நிற்பதாக நாம் எண்ணும்போதும் உடல் இடைவிடாது சிறிதளவு ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த ஆட்டத்தை அறிவதற்கு மூளைக்கு மூன்று வழிகள் உள்ளன. கண் காணும் காட்சி ஒன்று. உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு மற்றொன்று. பாதத்தின் தோல், தசை, மூட்டு ஆகியவற்றிலிருந்து வரும் உணர்வு மூன்றாவது. உடல் முன்னோக்கிச் சாய்ந்தால் விரல் பக்கம் அழுத்தம் கூடுகிறது. உடனே கெண்டைக்கால் தசை இறுகி, கணுக்காலைக் கொண்டு உடலைப் பின்னிழுக்கிறது. இவையெல்லாம் நினைவின்றியே நடைபெறுகின்றன.

முழங்காலுக்குக் கீழே கால் துண்டிக்கப்பட்டவர் பாதத்தின் உணர்வையும் கணுக்காலின் இழுவிசையையும் ஒருங்கே இழக்கிறார். எஞ்சிய காலின் மீது பொருத்தப்படும் கிண்ணம் போன்ற உறைக்குள் எந்த இடத்தில் அழுத்தம் கூடுகிறது என்பதைக் கொண்டே தரையின் தன்மையை அவர் ஊகிக்க வேண்டும். கணுக்கால் செய்த வேலையை இடுப்பு ஏற்கிறது. குறைந்த உணர்வைக் கண் ஈடு செய்கிறது. செயற்கைக் கால் பெற்ற புதிதில் பலரும் குனிந்து தரையைப் பார்த்தே நடப்பதற்கு இதுவே காரணம். விளக்கணைந்த அறையிலோ, கண்ணை மூடி முகம் கழுவும்போதோ தடுமாறுவதும் இதனால்தான்.

முழங்காலுக்கு மேலே துண்டிக்கப்பட்டோரின் இடர் இதனினும் பெரிது. அவர்களுடைய செயற்கை முழங்காலுக்குத் தன்னறிவு இல்லை. உடற்பாரம் செல்லும் கோடு அம்மூட்டின் அச்சுக்கு முன்னால் அமைந்தால் மூட்டு நேராக நிற்கும். பின்னால் அமைந்தால் திடீரென்று மடங்கும். மடங்காதபடி மிகவும் பாதுகாப்பாக அமைத்துவிட்டாலோ, நடக்கும்போது அதை மடக்குவதே பெரும்பாடாகிவிடும். பொருத்துநர் சில மில்லிமீட்டர் அளவில் செய்யும் மாற்றம், அணிபவர் விழுவதையும் விழாமையையும் முடிவு செய்யக்கூடியது.

சாயும் உடல்

முழங்காலுக்குக் கீழ்ப்பட்ட காலும் பாதமும் சேர்ந்து உடல் எடையில் ஏறத்தாழ 6 விழுக்காடு இருக்கும். அது நீங்கியவுடன் உடலின் ஈர்ப்பு மையம் சற்று மேலேறி, நல்ல காலின் பக்கம் நகர்கிறது. அத்துடன், நம்பத்தக்க காலின் மீதே பாரத்தை இறக்குவது மனித இயல்பு. நாளடைவில் நல்ல காலின் முழங்கால் மூட்டு தேய்கிறது. இடுப்பு ஒரு பக்கம் தாழ்கிறது. அதை நேர் செய்ய முதுகெலும்பு வளைகிறது. கால் துண்டிக்கப்பட்டோரிடையே இடுப்புவலி மிகுந்து காணப்படுவது மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி.

இதில் தடுக்கக் கூடிய பகுதி கணிசமானது என்பதையே வலியுறுத்த வேண்டும். அறுவைக்குப் பின் வரும் முதல் வாரங்களில் எஞ்சிய காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுப்பது இதமாக இருக்கும். உறவினரும் அன்பினால் அவ்வாறே செய்வர். ஆனால் தொடையை மடக்கியே வைத்திருந்தால் இடுப்பு மூட்டின் முன்பக்கத் தசைகள் சுருங்கிவிடுகின்றன. நாள் முழுதும் கட்டிலிலோ நாற்காலியிலோ உட்கார்ந்திருப்பதும் அதே விளைவைத் தருகிறது. பின்னர் எத்தனை உயர்ந்த செயற்கைக் காலைப் பொருத்தினாலும் அவரால் நிமிர்ந்து நிற்க இயலாது. முன்னோக்கிச் சாயும் உடலை நிமிர்த்த இடுப்பெலும்புக்கு மேலே முதுகை உள்வளைத்துக் கொள்வார். நாள்தோறும் சிறிது நேரம் குப்புறப் படுத்திருத்தல் இதற்கு எளிய காப்பு. செலவில்லாத அறிவுரைதான், எனினும் அறுவைப் பிரிவை விட்டு நோயாளி வீடு திரும்பும்போது இதைச் சொல்லி அனுப்ப ஒருவர் இருந்தாக வேண்டும்.

விளையாட்டு வேண்டும் சமநிலை

விளையாட்டிற்கு விளையாட்டு சமநிலையின் தேவை மாறுபடுகிறது. கார்பன் இழையால் ஆன வளைந்த தகட்டுக் காலை 1984-ஆம் ஆண்டில் வான் பிலிப்ஸ் என்ற அமெரிக்கர் உருவாக்கினார். அவரும் ஒரு காலை இழந்தவரே. அதன் வழிவந்த ஓட்டத் தகடுகளுக்குக் குதிகால் கிடையாது. ஓடுவதற்கு ஏற்ற அந்தப் பொருள் நிற்பதற்கு ஏற்றதன்று. தொடக்கக் கோட்டின் அருகே காத்திருக்கும் ஓட்டவீரர்கள் ஓரிடத்தில் நில்லாமல் காலை மாற்றி மாற்றி வைப்பதைக் காணலாம். பதற்றம் என்று பார்ப்பவர் நினைப்பார். குதிகால் இன்றி நிற்க முடியாமைதான் அது. மேலும், பாரம் ஏறும்போது தகடு அமுங்குவதால் அதைச் சற்று நீளமாகவே அமைக்கின்றனர். ஓடாதபோது அப்பக்கத்து இடுப்பு உயர்ந்து நிற்கும். தடகளப் பாதையில் இடப்புறமாகவே திரும்ப வேண்டியிருப்பதால், இடது காலை இழந்தவருக்கு வளைவில் செயற்கைக் கால் உட்பக்கம் அமைகிறது. அவ்வாறு அமையும்போது வேகம் குறைவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

பூப்பந்தாட்டத்தின் சிக்கல் வேறு. 2011-இல் மும்பைச் சாலை விபத்தில் இடது காலை இழந்த மானசி ஜோஷி, 2019-இல் பேசலில் உலகச் சாம்பியன் பட்டம் வென்றவர். அவர் சார்ந்த பிரிவின் ஒற்றையர் ஆட்டம் பாதி அகல ஆடுகளத்தில் நடைபெறுகிறது. ஓடும் தொலைவு குறைவெனினும், பந்தைக் கண்ணால் பின்தொடர்ந்தபடியே பின்னோக்கிச் செல்ல வேண்டும். தரையைப் பார்க்கும் வாய்ப்பு அங்கே இல்லை. கண் செய்துவந்த ஈடும் நீங்கிவிடுகிறது. எஞ்சிய காலின் தோலும் இடுப்பின் தசைகளும் மட்டுமே துணை.

காலை இழந்த விளையாட்டு வீரர் எல்லோரும் செயற்கைக் காலுடன் போட்டியிடுவதில்லை. நாகாலாந்தைச் சேர்ந்த இராணுவ வீரர் ஹொகாட்டோ செமா, 2002-இல் கண்ணிவெடியில் இடது காலை இழந்தவர். 2024 பாரிஸ் போட்டியில் குண்டெறிதலில் 14.65 மீட்டர் எறிந்து வெண்கலம் பெற்றார். அவர் போட்டியிட்ட பிரிவில் உட்கார்ந்தபடியே எறிய வேண்டும். அங்கே சமநிலையின் பொறுப்பு முழுவதும் வயிறு, முதுகுத் தசைகளைச் சேர்கிறது. இருக்கையின் மீது உடலைத் திருப்பி, எறிந்த பின் விழாமல் மீட்பதே பயிற்சியின் பெரும்பகுதி.

எதை அளப்பது?

நமது நாட்டில் இத்துறையில் நடந்துள்ள பணி சிறிதன்று. புனேயில் இராணுவத்தினருக்கான செயற்கை உறுப்பு மையம் 1944-இல் தோன்றியது. ஜெய்ப்பூரில் டாக்டர் பிரமோத் கரண் சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் 1960-களின் இறுதியில் உருவாக்கிய ரப்பர்ப் பாதம், வெறுங்காலுடன் நடக்கவும் சம்மணமிடவும் குந்தி உட்காரவும் இடம் தந்தது. வயல்வரப்பில் நடப்பவருக்கு அதன் நெகிழ்வே சமநிலை. மேடுபள்ளத்திற்கேற்ப அது சாய்ந்து கொடுக்கிறது. விறைப்பான அயல்நாட்டுப் பாதம் அணிந்தவர் அங்கே தடுமாறுவார். கான்பூரில் 1972-இல் அரசு நிறுவனமாகச் செயற்கை உறுப்பு உற்பத்திக் கழகம் அமைக்கப்பட்டது. துணைக் கருவிகள் வழங்கும் மத்திய அரசின் உதவித் திட்டம் 1981 முதல் நடைபெற்று வருகிறது. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இயக்கக் குறைபாடு உடையோர் 54 இலட்சத்திற்கும் மேற்பட்டவர்கள். அவர்களுள் காலிழந்தோர் ஒரு பகுதியினரே எனினும், முகாம்களில் உறுப்புகளை விரைந்து வழங்கும் முறை இத்தகைய தொகையை முன்னிட்டு எழுந்தது. அதைக் குறை கூற இயலாது.

ஆயினும் வழங்கப்பட்ட கால்களின் எண்ணிக்கை ஒரு செலவுக் கணக்கேயன்றிப் பயன் கணக்காகாது. பரண் மேல் கிடக்கும் செயற்கைக் காலும் அக்கணக்கில் ஒன்றாகவே சேரும். காலின் எஞ்சிய பகுதி முதல் ஆண்டில் தொடர்ந்து சுருங்குவதால் உறை தளர்ந்துவிடுகிறது. கோடையில் வியர்வையால் வழுக்குகிறது. காலையில் பொருந்திய உறை மாலையில் ஆடுவதுண்டு. உள்ளே ஒரு காலுறையைக் கூட்டி அணிய வேண்டும் என்பதைக் கூடச் சொல்லித்தர ஆள் வேண்டும். விளையாட்டு வீரருக்குப் பயிற்சியாளரும் இயன்முறை மருத்துவரும் பொருத்துநரும் பக்கத்திலேயே இருக்கின்றனர். அவர் தடுமாறினால் அன்றே காரணம் ஆராயப்படுகிறது. முகாமில் கால் பெற்றுக் கிராமம் திரும்பிய கூலித் தொழிலாளிக்கு அடுத்த சந்திப்பே பல நேரங்களில் இல்லை. இருவருக்கும் இடையே உள்ள வேறுபாட்டில் கார்பன் இழையின் விலையைக் காட்டிலும் இப்பயிற்சி நேரத்தின் பங்கே மிகுதி எனலாம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனது 30-ஆம் பிரிவில் விளையாட்டில் பங்கேற்பதை அரசுகளின் கடமையுடன் இணைத்துள்ளது. குவாலியரில் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனி விளையாட்டுப் பயிற்சி மையம் தொடங்கப்பட்டுள்ளது. 2023 டிசம்பரில் புதுதில்லியில் முதலாவது கேலோ இந்தியா பாரா விளையாட்டுகள் நடைபெற்றன. இம்முயற்சிகளில் திரளும் பயிற்சி அறிவு மாவட்ட மறுவாழ்வு மையங்களுக்கு இறங்கி வருமாறு செய்தல் அரிய செயலன்று. சமநிலையை நுட்பமாக அளக்க அழுத்தமானித் தளங்கள் தேவைப்படலாம். ஆனால் தொடக்க நிலைக்கு நாற்காலி ஒன்றும் கடிகாரமும் சுண்ணக்கட்டியும் போதும். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் தொலைவில் வரைந்த கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது என்று குறிப்பதே அச்சோதனை. உலகெங்கும் மருத்துவமனைகளில் 1990-களின் தொடக்கத்திலிருந்து கையாளப்பட்டு வருவது. ஓட்டவீரருக்கு இது மிக எளிது. அவருடைய திறனை இதைக் கொண்டு அளக்க முடியாது. செயற்கைக் காலைப் புதிதாக அணிந்தவருக்கோ எழுதல், நடத்தல், திரும்புதல் மூன்றிலும் அவர் விழக்கூடிய இடம் எது என்பதை இது காட்டிவிடும். கால் வழங்கும் பதிவேட்டில் பெயருக்கும் அளவிற்கும் பக்கத்தில் இந்த நொடிக் கணக்கிற்கு ஒரு பத்தி சேர்த்து, வழங்கிய நாளிலும், மூன்று மாதம் கழித்தும், ஓராண்டு கழித்தும் நிரப்பலாம். மூன்றாவது கட்டத்தை நிரப்ப வேண்டுமானால் அந்த மனிதரைத் தேடிச் சென்றாக வேண்டியிருக்கும்.