தாயின் இரத்தமும் சிசுவின் ஜீவனும்



1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். நெசவாலைகளில் உழைத்த ஏழைக் கர்ப்பிணிகளின் இரத்தசோகையை ஆராய்ந்தார். 1931-ல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் அப்பணியைச் செய்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தபோது நோயாளிகள் தேறினார்கள். அதிலிருந்த சத்து ஃபோலிக் அமிலம் என்பது பின்னர் தெரியவந்தது.

பெரியபாளையம் பக்கமிருந்து கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளுக்குப் போகும் சகோதரிகளைக் காணும்போது இவ்வரலாறு என் நினைவுக்கு வருகிறது. மருந்து கிடைத்தும் நோய் நீங்கவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 100-க்கு 48 பேருக்கு இரத்தசோகை.

ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. 7-க்குக் குறைந்தால் கடுமையானது. களைப்பையும் மூச்சிரைப்பையும் பலர் மசக்கை என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் திடமான தாய் தாங்கும் இரத்தப்போக்கை, இரத்தமில்லாத தாய் பிரசவத்தில் தாங்கமாட்டாள். சிசு குறைமாதத்தில், எடை குறைந்து பிறக்கலாம்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரும்புச்சத்து மாத்திரை இலவசம். நான்காம் மாதம் தொடங்கி தினம் ஒன்றாக 180 நாள். பிரசவத்திற்குப் பின்னும் 180 நாள். வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுக்கிறது என்று பயந்து பாதியில் நிறுத்துகிறார்கள். மலம் கறுப்பது மாத்திரையால்தான், பயம் வேண்டாம். வயிற்றைப் புரட்டினால் இரவில் சாப்பிட்டபின் போடலாம். டீயுடன் மட்டும் கூடாது. கீரை, கேழ்வரகு, நெல்லிக்காய் நல்லவை.

உங்கள் வீட்டிலோ சபையிலோ கர்ப்பிணி இருந்தால், "இரத்தம் பரிசோதித்தாயா அம்மா? இன்று மாத்திரை போட்டாயா?" என்று அன்பாய்க் கேளுங்கள். அந்தக் கேள்வி இரண்டு உயிர்களைக் காக்கும்.