தொலைந்த படச்சுருளைத் தேடி

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் பேருந்தில் போய் வருவதையே பெரும் பயணமாக எண்ணுகிறோம் நாம். ஒரே ஒரு படத்திற்காகச் சுமார் ஒரு லட்சம் மைல் சுற்றினார் ஒரு தமிழர். அவரே ஏ. கே. செட்டியார்.

கோட்டையூரில் பிறந்த அவர் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக்கலை பயின்றவர். 1937 அக்டோபர் 2 அன்று, அமெரிக்காவிலிருந்து அயர்லாந்து சென்ற கப்பலில், காந்தியடிகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு உதித்தது. புதிதாகப் படம் பிடித்தால் மட்டும் போதாதே! முப்பது ஆண்டுகளாகப் பலர் எடுத்த துண்டுப் படங்கள் பல நாடுகளில் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடிச் சேர்த்தார். சேர்ந்தவை 50,000 அடி. திரையில் ஓட்டினால் ஒன்பது மணி நேரத்திற்கும் மேலாகும்! அதிலிருந்து 12,000 அடியைத் தொகுத்தார்.

இதற்குள் இரண்டாம் உலகப் போர் மூண்டுவிட்டது. 1940 ஆகஸ்டில் தமிழில் படம் வெளிவந்தது. ஆயினும் ஆங்கில அரசின் கெடுபிடிக்கு அஞ்சிப் படச்சுருள்களை மறைத்து வைக்க நேர்ந்தது. 1947இல் நாடு விடுதலை பெற்றபோது டில்லியில் இந்தியில் திரையிடப்பட்டது. 1953இல் அமெரிக்காவில் ஆங்கிலப் பதிப்பு வந்தது.

பிறகு நடந்ததுதான் வேதனை. சிதறியதைச் சேர்த்தவரின் மூலத் தமிழ்ப் படமே தொலைந்து போயிற்று!

அக்காலப் படச்சுருள் நைட்ரேட் கலந்தது. எளிதில் தீப்பற்றும், பற்றினால் தண்ணீருக்குள்ளும் எரியும். வெப்பத்தில் வைத்தால் பிசுபிசுத்து, பின் பொடியாகிவிடும். நம் ஊர் வெயிலைக் கேட்கவா வேண்டும்? போதாக்குறைக்கு, வெள்ளிக்காகப் பழைய சுருள்களை உருக்கி விற்றவர்களும் உண்டு. ஆகவேதான் சேகரிப்பாளர்கள் ஒரு பழைய தகரப் பெட்டியைக் கண்டாலும் புதையலைக் கண்டதுபோல் மகிழ்கிறார்கள். தபால்தலையில் ஒன்று போனால் இன்னொன்று கிடைக்கக்கூடும். கடைசிப் பிரதி அழிந்தால் அந்தப் படமே இல்லை.

வரலாற்றறிஞர் ஆ. இரா. வேங்கடாசலபதி இப்படத்தைப் பல ஆண்டுகள் தேடினார். இறுதியில் சுருக்கப்பட்ட ஆங்கிலப் பதிப்பை அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கண்டறிந்தார். படம் எடுத்த கதையைச் செட்டியார் எழுதிய கட்டுரைகளும் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்னும் நூலாகியுள்ளன. 1940இல் நம் மக்கள் கேட்ட அந்தத் தமிழ்க் குரலை மட்டும் நம்மால் கேட்க முடியவில்லை.