உலக வரலாறும் மேலை நாகரிகமும்: வரலாற்றறிஞர் நோக்கு

முன்னுரை

வரலாறு என்னும் சொல்லை 'வரல் ஆறு' எனப் பிரித்து, 'வந்த வழி' எனப் பொருள் உரைப்பது தமிழ் வகுப்பறையின் வழக்கம். வந்த வழி எனின், யார் வந்த வழி? எவ்விடத்தில் நின்று பார்த்த வழி? ஆற்றின் ஒரு கரையில் நிற்பவனுக்கு எதிர்க்கரை அக்கரையாகிறது. எதிர்க்கரையில் நிற்பவனுக்கோ இவன் நிற்கும் இடமே அக்கரை. கிழக்கு, மேற்கு என்னும் சொற்களும் இத்தன்மையனவே. உலக வரலாற்றை எழுதப் புகுந்த அறிஞர்கள் எக்கரையில் நின்று எழுதினர், அதனால் எவற்றைக் கண்டனர், எவற்றைக் காணத் தவறினர் என்பதை இக்கட்டுரையில் சுருக்கமாக நோக்குவோம். நாம் தமிழ் பயிற்றுவிப்பவர். வரலாற்றுத் துறையினர் அல்லர். எனினும் இலக்கியம் கற்பார்க்கும் வரலாற்றறிவு இன்றியமையாதது என்பதால் இம்முயற்சியை மேற்கொள்கிறோம்.

மேலை நாகரிகம் என்னும் வரிசை

கிரேக்கம், உரோம், இடைக்காலம், மறுமலர்ச்சி, தொழிற்புரட்சி என்னும் வரிசையை நாம் அனைவரும் பள்ளியில் மனப்பாடம் செய்தோம். இவ்வரிசை இயற்கையாக அமைந்ததன்று, மனிதர் வகுத்தது. உரோமப் பேரரசின் பெருமை மறைந்தபின் வந்த காலத்தை இருள் சூழ்ந்த காலமாகக் கருதியவர் 14ஆம் நூற்றாண்டின் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க். பழங்காலம், இடைக்காலம், புதுக்காலம் என்னும் முப்பகுப்பைப் பாடநூல் வடிவில் நிலைநிறுத்தியவர், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஜெர்மானிய ஆசிரியர் கெல்லாரியஸ். உலக வரலாறு ஞாயிற்றைப் போலக் கிழக்கில் தோன்றி மேற்கு நோக்கிச் செல்கிறது என்றும், ஐரோப்பாவே அதன் முடிவிடம் என்றும் தத்துவ அறிஞர் ஹெகல் தம் சொற்பொழிவுகளில் விளக்கினார். அவை அவர் மறைந்தபின் 1837இல் நூலாயின.

ஐரோப்பாவுக்குத் தைத்த சட்டை பிற நாடுகளுக்குப் பொருந்துமா? ஐரோப்பாவில் 'இருண்ட காலம்' எனப்பட்ட அந்நூற்றாண்டுகளில் சீனாவில் தாங் மரபினர் (618–907) ஆட்சியில் கவிதை செழித்தது. பாக்தாதில் கிரேக்க நூல்கள் அரபியில் பெயர்க்கப்பட்டன. அங்கெல்லாம் இருள் எங்கே? இருந்தும் அச்சட்டையை இந்தியாவுக்கும் அணிவித்தனர். இந்தியாவுக்கு ஒருமுறையும் வராத ஜேம்ஸ் மில் 1817இல் வெளியிட்ட வரலாற்று நூலில், இந்து, முகமதியர், பிரிட்டிஷார் என நம் நாட்டின் காலத்தைப் பகுத்தார். முதல் இரண்டு காலங்களுக்குச் சமயத்தின் பெயர். மூன்றாவதற்கு மட்டும் நாட்டின் பெயர்! இப்பகுப்பு நெடுங்காலம் நம் பாடநூல்களில் குடிகொண்டு, உடன்பிறந்தாரைப் போல் வாழும் மக்களிடையே விளைத்த கசப்பை ஈண்டு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

'மேலை நாகரிகம்' என்பது கல்லூரிப் பாடமாக உருப்பெற்றதும் அண்மையில்தான். அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகம் முதல் உலகப் போரையொட்டி 1919இல் தற்கால நாகரிகம் பற்றிய பாடத்தைத் தொடங்கியது. அவ்வகைப் பாடம் பிற கல்லூரிகளுக்கும் பரவியது. தங்களை ஐரோப்பாவின் வாரிசுகளாக அமெரிக்க இளைஞர் உணர அது துணை செய்தது. காலம் மாறியது. பிற பண்பாடுகளுக்கும் இடம் வேண்டும் என்னும் குரல் எழுந்து, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1988இல் தன் மேலைப் பண்பாட்டுப் பாடத்தை மாற்றியமைத்தது. எதைப் பாடமாக வைப்பது என்பதும் வரலாற்றின் ஒரு பகுதியே என்பதை இது காட்டுகிறது.

எழுச்சியும் வீழ்ச்சியும்

நேர்கோட்டில் முன்னேறும் வரலாற்றை ஏற்காத அறிஞரும் உளர். முதல் உலகப் போர் ஐரோப்பாவின் தன்னம்பிக்கையை உலுக்கியது. ஆஸ்வால்டு ஸ்பெங்ளர் மேற்குலகின் வீழ்ச்சி பற்றிய தம் நூலின் முதற்பகுதியை 1918இலும் இரண்டாம் பகுதியை 1922இலும் வெளியிட்டார். பண்பாடுகள் உயிர்களைப் போலப் பிறந்து, வளர்ந்து, மூத்து, மடிகின்றன என்பது அவர் கொள்கை. ஆங்கில அறிஞர் ஆர்னால்டு டாயின்பி 1934 முதல் 1961 வரை பன்னிரண்டு தொகுதிகளில் உலக நாகரிகங்களை ஒப்பிட்டார். சூழல் விடுக்கும் அறைகூவலை ஏற்று எதிர்வினை ஆற்றும் சமுதாயம் வளர்கிறது. ஆற்றத் தவறுவது தளர்கிறது என்றார் அவர். தம் கொள்கைக்கு இசைந்த சான்றுகளையே தேர்ந்தெடுத்தார் என டச்சு அறிஞர் பீட்டர் கெயில் அவரை மறுத்தார். அம்மறுப்பில் நியாயம் உண்டு.

அரசுகளின் எழுச்சி வீழ்ச்சிக்குக் காரணம் தேடும் இம்முயற்சியை ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பே தொடங்கியவர் இப்னு கல்தூன் (1332–1406). துனிஸில் பிறந்து கெய்ரோவில் மறைந்த அவர், 1377இல் 'முகத்திமா' என்னும் முன்னுரை நூலை எழுதினார். பாலையில் வாழும் கூட்டத்தாரை ஒன்றாகப் பிணைக்கும் குழுப்பற்றை 'அஸபிய்யா' என்றார். அப்பற்று அரசை உண்டாக்குகிறது. நகர வாழ்வின் சுகம் சில தலைமுறைகளில் அதனைக் கரைக்கிறது. பிறிதொரு கூட்டம் எழுகிறது. இஃது அவர் கண்ட விதி. டாயின்பி இவரைப் பெரிதும் போற்றினார்.

இப்னு கல்தூனின் மற்றொரு கொடை, வரலாற்றில் பொய் நுழையும் வாயில்களை எடுத்துக்காட்டியது. தன் கட்சியின் மீது கொண்ட பற்று, சொன்னவரை ஆராயாது நம்புதல், ஆளுவோரை மகிழ்விக்கும் விருப்பம், சமுதாய இயல்பை அறியாமை எனப் பலவற்றை அவர் குறிப்பிடுகிறார். மிகைப்பட்ட படைத்தொகைகளைக் கேட்டவுடன் ஏற்காது, அத்தனை பேரை அந்நிலம் தாங்குமா என்று வினவினார். எப்பொருளை யார் சொல்லக் கேட்பினும் அதன் உண்மையைக் காண்பதே அறிவு என்னும் வள்ளுவர் நெறியும் இதுவே.

தொடர்புகளின் வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அறிஞர் பார்வை தனித்தனி நாகரிகங்களிலிருந்து அவற்றின் இடையே ஓடிய தொடர்புகளுக்குத் திரும்பியது. வில்லியம் மெக்நீல் 1963இல் மேற்குலகின் எழுச்சி பற்றிய பெருநூலை வெளியிட்டார். பண்பாடுகள் ஒன்றிலிருந்து ஒன்று கொண்டும் கொடுத்தும் வளர்ந்தன என்பது அதன் மையக் கருத்து. 1990இல் அந்நூலைத் தாமே மீள்நோக்கிய அவர், கி.பி. 1000 முதல் 1500 வரை சீனா பெற்றிருந்த முதன்மையைத் தாம் உரிய அளவில் உணரவில்லை என ஒப்புக்கொண்டார். புகழ்பெற்ற நூலின் ஆசிரியரே தம் குறையை எடுத்துரைத்த இப்பண்பு மாணவர் கற்கத்தக்கது.

சிகாகோப் பல்கலைக்கழகத்தில் அவருடன் பணியாற்றிய மார்ஷல் ஹாட்ஜ்சன், நாம் பார்க்கும் வரைபடமே நம்மை ஏமாற்றுகிறது என்றார். 1569இல் மெர்கேட்டர் வகுத்த முறையில் அமைந்த படத்தில் கிரீன்லாந்து ஏறத்தாழ ஆப்பிரிக்கா அளவு பெரிதாகத் தோன்றும். உண்மையில் ஆப்பிரிக்கா அதனினும் சுமார் 14 மடங்கு பெரியது. வடக்கே உள்ள ஐரோப்பாவும் அப்படத்தில் பருத்துக் காட்சியளிக்கிறது. இஸ்லாமிய நாகரிகம் பற்றி ஹாட்ஜ்சன் எழுதிய மூன்று தொகுதிகள், 1968இல் அவர் மறைந்தபின் 1974இல் வெளிவந்தன.

ஜேனட் அபூ லுகோத் 1989இல் வெளியிட்ட ஆய்வில், 1250 முதல் 1350 வரை சீனாவிலிருந்து வடமேற்கு ஐரோப்பா வரை ஒரு வணிக வலைப்பின்னல் இயங்கியதையும், அதில் எந்த ஒரு நாடும் முழுத்தலைமை கொள்ளவில்லை என்பதையும் விளக்கினார். கென்னத் பொமரன்ஸ் 2000இல் வெளியிட்ட நூலில், 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கிலாந்தும் சீனாவின் யாங்சி கழிமுகப் பகுதியும் வாழ்க்கை வளத்தில் பெரிதும் ஒத்திருந்தன என்றார். நிலக்கரி எளிதிற் கிட்டியதும் அமெரிக்க நிலங்களின் விளைபொருளும் இங்கிலாந்தை முன்தள்ளின என்பது அவர் முடிவு. இதனை ஏற்போரும் மறுப்போரும் உளர். ஆயினும் மேற்குலகின் உயர்வை அதன் பிறவிக்குணமாகக் கூறும் போக்கு இத்தகைய ஆய்வுகளால் வலுவிழந்தது.

தொடர்பு வரலாற்றுக்கு எண்களே எளிய சான்று. இந்தியாவில் தோன்றிய எண்முறையை 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி அரபியில் விளக்கினார். இத்தாலியரான ஃபிபனாச்சி வட ஆப்பிரிக்காவில் அதனைக் கற்று, 1202இல் இலத்தீன் நூலாக எழுதினார். இவ்வெண்கள் எந்த நாகரிகத்தின் உடைமை? மூன்றின் உடைமை என்பதே விடை.

ஒரே தராசு

இனி, நம் நெஞ்சுக்கு நெருக்கமான இரு செய்திகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது ஒரு பழி. கி.பி. 642இல் அலெக்சாந்திரியாவை அரபியர் கைக்கொண்டபோது, கலீபா உமர் (ரலி) ஆணையால் அந்நகரின் பெருநூலகம் எரிக்கப்பட்டது. ஏடுகள் ஆறு மாதம் குளியற்கூடங்களுக்கு எரிபொருளாயின என்பது அக்கதை. இதனை அறிஞர் எங்ஙனம் ஆராய்ந்தனர்? கதை முதன்முதல் எழுத்தில் தோன்றுவது நிகழ்ச்சிக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின். அவ்வெற்றியை விரிவாக எழுதிய 7ஆம் நூற்றாண்டின் எகிப்தியப் பேராயர் நிகியு யோவான் இதுபற்றி ஒரு சொல்லும் உரைக்கவில்லை. பழைய நூலகம் சீசரின் போர் நடந்த கி.மு. 48இலேயே தீயால் இழப்புக்கு உள்ளானது; செராப்பிஸ் கோயில் கி.பி. 391இல் தகர்க்கப்பட்டது. ஆங்கில வரலாற்றறிஞர் கிப்பன் 18ஆம் நூற்றாண்டிலேயே இக்கதையை ஐயுற்றார். ஆல்பிரெட் பட்லர் 1902இல் சான்றுகளை அடுக்கி மறுத்தார். மௌலானா ஷிப்லி நுஃமானி உருதுவில் தனியே எழுதி மறுத்தார். பழி நீங்கியது. நாம் மகிழ்கிறோம். ஆனால் இக்கதையை முதலில் ஏட்டில் ஏற்றியோர் முஸ்லிம் ஆசிரியர்களே என்பதையும், அதனை மறுத்தோருள் மேலை அறிஞர் முன்னணியில் நின்றனர் என்பதையும் மறைத்தல் அறமாகாது.

இரண்டாவது ஒரு பெருமை. 1498இல் வாஸ்கோ ட காமாவுக்கு மாலிந்தியிலிருந்து கள்ளிக்கோட்டைக்கு வழிகாட்டியவர், புகழ்பெற்ற அரபுக் கடலோடி இப்னு மாஜித் என்பது அச்செய்தி. மாணவர் மன்றங்களிலும் விழா மேடைகளிலும் இதனை நாமே பன்முறை முழங்கியிருக்கிறோம், கைதட்டலும் பெற்றிருக்கிறோம். பின்னர் சான்று தேடியபோது நிலைமை வேறாக இருந்தது. செய்தி, மக்காவில் வாழ்ந்த நஹ்ரவாலி என்னும் 16ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் நூலிலிருந்து கிளைத்தது. போர்ச்சுகீசிய ஆசிரியர் பாரோஸ், வழிகாட்டியைக் குஜராத்தைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் என்கிறார். இருபதாம் நூற்றாண்டில் ஃபெராந்து என்னும் பிரெஞ்சு அறிஞர் இப்னு மாஜிதே அவர் எனக் கருதியதால் கதை பரவியது. பின்வந்த ஆய்வாளர் அதனை ஏற்கவில்லை. பெயர் அறியப்படாத ஒரு குஜராத்தி மாலுமிக்கு உரிய இடத்தை, பெயர் பெற்ற ஒருவருக்கு நாம் வழங்கிவிட்டோம். கடல்நூல்கள் யாத்த இப்னு மாஜிதின் புகழ் இக்கதை இன்றியும் குன்றாது.

முதற்செய்தியில் நாம் எந்தத் தராசைப் போற்றினோமோ, அதே தராசையே இரண்டாவதற்கும் பிடித்தல் வேண்டும். பழியை நிறுக்கையில் சான்று கேட்பதும், பெருமையை நிறுக்கையில் கண்ணை மூடிக்கொள்வதும் வணிகனுக்கும் ஆகாது, அறிஞனுக்கும் ஆகாது. அன்று மேடையில் அச்செய்தியை நம் வாயால் கேட்ட மாணவர் எங்கெங்கோ ஆசிரியராக இருக்கலாம். அவர்களுக்கும் உரைக்கவே இதனை எழுதுகிறோம்.

முடிவுரை

மேலை நாகரிகமே உலக வரலாறு என்பது ஒரு பிழை. அதற்கு மாறாக, மேலை நாகரிகம் முழுவதும் பிறரிடம் பெற்ற கடனே என்பதும் பிழையே. பெற்றனர், பெற்றதை வளர்த்தனர், பிறர்க்குக் கேடும் செய்தனர், நன்மையும் செய்தனர். இவற்றைப் பகுத்துணர்த்துவதே வரலாற்றறிஞர் பணி. மாணவச் செல்வங்கள் ஒரு வரலாற்றுச் செய்தியைக் கேட்கும்பொழுது மூன்று வினாக்களை எழுப்புவார்களாக: முதலில் சொன்னவர் யார்? நிகழ்ச்சிக்கு எத்தனை ஆண்டு கழித்துச் சொன்னார்? இதனை நம்ப நாம் ஏன் விரும்புகிறோம்? இவற்றுள் மூன்றாவதே கடினமானது. அதனைத் தன்னிடமே கேட்கப் பழகியவன் எக்கரையில் நின்றாலும் ஆறு முழுவதையும் காண்பான்.